கால் சுற்று

மூன்றாவது பக்கெட் தண்ணீரையும் ஊற்றித் தேய்த்தாயிற்று. சிமெண்டுத் தரை விட்டுக்கொடுப்பதாக இல்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பட்டிருந்தது முதல் தேய்ப்பிலேயே போய்விட்டது. தரையில் சொட்டியதுதான் வெயிலில் காய்ந்து, துளைகளுக்குள் இறங்கி, பழுப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மகள் முட்டி போட்டு உட்கார்ந்து துணி துவைக்கிற பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவளை யாரும் செய்யச் சொல்லவில்லை. கீழே இருந்தால் வருகிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அதற்கு இது தேவலை என்று மொட்டை மாடிக்கு வந்துவிட்டாள்.

நேற்று மத்தியானம் அம்மா இங்கேதான் விழுந்தாள். தொட்டி விளிம்பில் தலை இடித்ததால் உயிர் போனதா, உயிர் போனதால் விழுந்து தலை இடித்ததா என்பதை அறுத்துப் பார்த்துச் சொல்லவேண்டிய டாக்டர் நாளைக் காலையில்தான் வருவாராம். அதுவரை அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு குளிர்ந்த இழுப்பறைக்குள் காத்திருக்க வேண்டும். மின்விசிறிக் காற்றே அதிகம் என்று போர்வைக்குள் சுருண்டு படுக்கிறவள் அவள்.

நாற்பது வயதாகியும் மகளுக்கு இந்த வீட்டில் பாப்பா என்றுதான் பெயர். வெளியூரில் ஒரு சட்டைக் கம்பெனியில் வேலை. தைத்து முடித்த சட்டைகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, கோணல் தையலையும் இழுத்துக்கொண்ட நூலையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அவள் பொறுப்பு. இந்தப் புத்தியை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைக்கக் கூடாதா என்று அவள் புருஷன் கேட்பதுண்டு. அந்தப் புத்திதான் இப்போதும் மாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. கொடியில் ஒரு துணி இல்லை. ஒரு செடிகூட இல்லை. தொட்டியையும், தகரக் கூரைக்கு அடியில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அப்பாவின் டெலஸ்கோப்பையும் தவிர இங்கே ஒன்றுமே இல்லை. அந்தக் கொளுத்துகிற வெயிலில் அம்மா எதற்கு மேலே வந்தாள்?

மாமா மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். அம்மாவின் தம்பி. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"எந்திரி பாப்பா. நீ தேய்ச்சா போகாது. மழை வந்தா தானே போகும்."

"மழைக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்கு மாமா."

"அதுவரைக்கும் இதையே தேய்ச்சிட்டிருக்கப் போறியா? இந்தா, ஆஸ்பத்திரில குடுத்தாங்க. அத்தான்கிட்ட நேரா குடுக்க எனக்கு மனசு வரல."

அவள் கையை உதறிவிட்டுக் கவரைப் பிரித்தாள். அம்மாவின் மூக்குக்கண்ணாடி, ஒரு கண் விரிசல் விட்டிருந்தது. வாட்ச், வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கால் செருப்பு. அடியில், விரல் நீளத்தில், எல் மாதிரி வளைந்த ஒரு சின்ன இரும்புக் கம்பி. மெக்கானிக்குகள் ஆலன் கீ என்பார்களே, அது. பிடிக்கிற இடத்தில் பழைய துணியைக் கிழித்து அழகாகச் சுற்றி நூல் போட்டுக் கட்டியிருந்தது.

"இது எங்க இருந்துச்சு மாமா?"

"கைக்குள்ள இருந்துச்சாம். விரலை ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் எடுத்தோம்னு சொன்னான் அந்த ஆளு." மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, ஆத்திரம் வேறு எங்கே போவது என்று தெரியாமல் டெலஸ்கோப்பின் மேல் பாய்ந்தது. "எல்லாம் இந்தச் சனியனாலதான். கீழ ஒழுங்கா ஒரு சோபா வாங்கிப் போடல. மாடில பீரங்கி நிறுத்தியிருக்கார். எல்லாம் முடியட்டும், பழைய இரும்புக்காரனைக் கூட்டிட்டு வந்து தூக்கிப் போடச் சொல்றேன்." உதைக்கக் காலைத் தூக்கியும் விட்டார்.

"மாமா!"

கால் அந்தரத்தில் நின்று, மெதுவாக இறங்கியது.

"இல்ல பாப்பா, நீயே சொல்லு. அந்த வெயில்ல காக்காகூட மாடில உட்காராது. அக்கா எதுக்கு வந்தா? அத்தானும் காலைலேர்ந்து இதையேதான் கேக்கறார். ஏன் மேல போனா, ஏன் மேல போனா. என்கிட்ட கேட்டா எனக்கு என்ன தெரியும்?"

அவள் கம்பியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் நேராகச் சமையலறைக்குள் போனாள். எல்லோருக்கும் டீ போடலாம் என்று சர்க்கரையைத் தேடினால் டப்பாக்களில் எல்லாம் ரப்பர் பேண்டு போட்டிருந்தது. சர்க்கரைக்கு ஒன்று, உப்புக்கு இரண்டு, டீத்தூளுக்கு மூன்று. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கண்ணாடி டப்பாக்கள். அம்மாவுக்கு இது என்ன புதுப் பழக்கம் என்று அவளுக்குப் புரியவில்லை.

அப்பா உள்ளறையில் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். அடிக்குழியில் ஆள் நிற்க, மேலே எட்டு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு ரோப்பைச் சரிபார்த்த மனிதர். லிஃப்ட் ஓடுகிற இருட்டுக் குழாய்க்குள் நின்று மேலே பார்த்துப் பார்த்துத்தான் வானத்தின் மேல் ஆசை வந்தது என்பார். டெலஸ்கோப்பின் பெரிய கண்ணாடியை இந்தச் சமையலறையிலேயே ஒரு கோடை முழுக்கக் கல்பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் செய்தார். சோற்றில் பல்லுக்குக் கல் தட்டுப்பட்டால் அது உங்கப்பாவோட வானம்டி, முழுங்கு என்று அம்மா சொல்வாள்.

அவள் டீயை நீட்டினாள். அவர் அவள் காதைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அவர் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. தோளைப் பார்ப்பார், காதைப் பார்ப்பார். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், பக்கத்தில் பார்த்தால்தான் ஓரக்கண்ணில் தெரியும் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார். வானத்தைப் பார்த்த பழக்கம், மனிதர்களிடமும் வந்துவிட்டது என்று வீட்டில் கேலி செய்வார்கள். கர்வம் பிடித்த மனுஷன், மூஞ்சியைப் பார்த்துப் பேசமாட்டார் என்று அவள் மாமியார் வீட்டில் சொன்னது உண்டு.

"பாப்பா, எதுக்குப் போனா?"

"தெரியலப்பா."

"நான் சாப்பிட்டா ஒரு மணி நேரம் படுப்பேன். அவளும் பக்கத்துலதான் படுப்பா. அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். எந்திரிச்சுப் பார்த்தா எதிர்வீட்டுலேர்ந்து கத்தறாங்க." டம்ளரின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "என்னை எழுப்பியிருக்கலாம்ல? நான் ஏதாவது சொல்லிட்டேனா? கோபமா போனாளா? நேத்துலேர்ந்து யோசிக்கறேன், ஒண்ணும் ஞாபகம் வரல."

அம்மா மத்தியானத்தில் போனை எடுக்கவே மாட்டாள் என்பது அவளுக்குப் பழைய எரிச்சல். சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். நேற்றும் கூப்பிட்டாள். நேற்றும் எடுக்கவில்லை. எப்போ பாரு தூக்கம் என்று அவள் போனைப் பார்த்துச் சொன்னது பக்கத்து மேஜைக்காரிக்குக்கூடக் கேட்டது.

அம்மா விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தது எதிர்வீட்டு மாடியில் கடை போட்டிருக்கும் டெய்லர். சாயங்காலம் ஒரு ஃபிளாஸ்க் நிறைய டீயோடு வந்து, உள்ளே வராமல் கேட்டிலேயே தயங்கி நின்றார். அவள்தான் எழுந்து போனாள்.

"உடனே ஓடி வந்தேம்மா. நான் வர்றதுக்குள்ள பேச்சு இல்ல." அவர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்தார். "மிஷின்ல உட்கார்ந்தா எனக்கு நேர உங்க மாடிதான். தினமும் பாக்கறதுதான், நேத்தும் அப்படித்தான்னு குனிஞ்சு தைச்சிட்டிருந்தேன். நிமிர்ந்து பாத்தா கீழ கெடக்காங்க."

"தினமுமா? அம்மா தினமும் மாடிக்கு வருவாங்களா?"

"தினமும்தாம்மா. மத்தியானத்துல. அந்தக் குழாயோட இந்த முனைக்கு வருவாங்க, குனிவாங்க. அந்த முனைக்குப் போவாங்க, உட்காருவாங்க. மறுபடி இங்க. மறுபடி அங்க. முட்டியைப் பிடிச்சிட்டு எந்திரிப்பாங்க. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருப்பாங்க போலன்னு நினைச்சுப்பேன். இந்த வெயில்லயா நடக்கணும்னு கேக்கணும்னுகூட இருந்தேன்."

அம்மாவுக்குச் சர்க்கரை கிடையாது. அவள் அதைச் சொல்லாமல் ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

வெயில் இறங்கியதும் அப்பா கட்டிலை விட்டு எழுந்தார். "பாப்பா, வா மேல. குழாயைச் சரி பண்ணணும்."

கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். மாமாதான் வாயைத் திறந்தார்.

"அத்தான், வீட்ல சாவு."

"தெரியும் மச்சான்."

"இப்பப் போயி..."

"விழும்போது அதைத்தான் பிடிச்சிருப்பா. வேற எதைப் பிடிக்கறது அங்க? கண்ணாடி நகர்ந்திருக்கும். நாளைக்கு அவ வீட்டுக்கு வரும்போது அது கோணலா கெடக்கக் கூடாது. நாங்க ரெண்டு பேரும் ஒருநாள்கூட அப்படி விட்டதில்ல." அப்பா சுவரைத் தடவிக்கொண்டே படியேறப் போய்விட்டார்.

மாமா அவளைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். மனிதருக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது. அவள் தரையைத் தேய்க்கவில்லையா, அது மாதிரி.

வேலை என்னவோ பெரிய வித்தை இல்லை. குழாயின் அடியில் பெரிய கண்ணாடி, வாய்ப்பக்கம் சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி. அடியில் விழுகிற வெளிச்சத்தைப் பெரியது மேலே அனுப்பும். சின்னது அதைத் திருப்பிப் பக்கவாட்டுத் துளைக்கு, பார்க்கிறவர் கண்ணுக்கு அனுப்பும். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் முகம் திரும்பினாலும் சனிக்கிரகம் சாம்பல் பூசின முட்டையாகத் தெரியும். குழாய் தகரம், தினமும் வெயிலில் விரிந்து சுருங்கும். அதனால் தினமும் சரிசெய்ய வேண்டும். திருகுகள் எல்லாம் அடிக் கண்ணாடிக்குப் பின்னால். கண் இங்கே இருந்தால் கை அங்கே எட்டாது. ஆகவே இரண்டு ஆள் வேலை.

லிஃப்டிலும் அப்படித்தான். மேலே இருப்பவர் சொல்வார். கீழே குழியில் இருப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும். செய்தபின் ஆச்சு என்று சொல்லவேண்டும். காதில் தப்பாக விழுந்தால் ஒரு உயிர் போய்விடும். அப்பா அந்தச் சட்டத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சாயங்காலமானால் மாடியிலிருந்து இதுதான் கேட்கும். இடது, கால் சுத்து. இடது கால் சுத்து, ஆச்சு. வலது, அரைக்கால். வலது அரைக்கால், ஆச்சு. மற்ற வீட்டுப் புருஷன் பெண்டாட்டிகள் பேசிக்கொள்வார்கள். இவர்கள் இருவரும் இப்படி.

அப்பா தார்ப்பாயை விலக்கினார். குழாய் படுக்கை வாக்கில் நின்றது. வாய்க்கு மூடி போட்டிருந்தது. மூடியின் மேல் அழுக்கு படாமல் துணி கட்டி, துணிக்கு முடிச்சும் போட்டிருந்தது. அவள் அதை அவிழ்த்தாள். அப்பா பார்வைத் துளையில் பழைய ஃபிலிம் டப்பா ஒன்றைச் செருகினார். டப்பாவின் நடுவில் குண்டூசித் துளை. அவர் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் குனிந்து அந்தத் துளையில் கண்ணை வைத்தாள்.

வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டம். பெரிய கண்ணாடியின் நட்டநடுவில் ஒட்டியிருந்த காகித வளையத்துக்குள் துளையின் கறுப்புப் புள்ளி உட்கார்ந்திருந்தது. மயிரளவு இப்படி அப்படி இல்லை. வேலையில் இப்படி ஒரு காலர் வந்தால் மேஜைக்கு மேஜை தூக்கிக் காட்டுவாள்.

"அப்பா, சரியாத்தான் இருக்கு."

"சரியா இருக்காது. தள்ளு." அவர் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். "பாத்தியா, இடது பக்கம் போயிருக்கு. உனக்குத் தெரியாது. பழகின கண்ணுக்குத்தான் தெரியும். நீ பின்னால போ. இந்தா."

சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்து நீட்டியது ஒரு ஆலன் கீ.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பையில் இன்னொன்று கனத்தது. அதே அளவு, துணி சுற்றினது. ஒன்றுதான் இந்த வீட்டில் எப்போதும் உண்டு. சாயங்காலம் அப்பா அம்மாவிடம் கொடுப்பார், வேலை முடிந்ததும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார். கருவி என்பது மெக்கானிக்கிடம்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்படியானால் அம்மாவின் விரலைப் பிரித்து எடுத்தது?

"என்ன நிக்கற?"

அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஆனாலும் கண்ணாடியைத் தேய்த்தவர் அவர். கோணல் என்று அவர் சொன்னால் கோணல்தான். அவள் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பழுப்புக் கறைக்கு ஒரு முழம் தள்ளி.

"இடது, கால் சுத்து."

"இடது, கால் சுத்து." திருகை முடுக்கினாள். உள்ளே ஸ்பிரிங் கிறீச்சென்று முனகியது. "ஆச்சு."

"வலது, அரை சுத்து."

"வலது, அரை சுத்து." மறுபடி கிறீச். "ஆச்சு."

"என்ன பாப்பா, தகரக் கதவைத் திறக்கற மாதிரி திருப்பற." அப்பா துளையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். காலையிலிருந்து முதல் முறையாக அவர் குரலில் பழைய கேலி எட்டிப் பார்த்தது. "உங்கம்மா திருப்பினா சத்தமே வராது. எத்தனை வருஷம்! ஒரு சத்தம் வந்ததில்ல. அது கை. அந்தக் கை எல்லாருக்கும் வராது."

"எண்ணெய் போட்டிருப்பாளாப்பா?"

"எண்ணெயா? எண்ணெய் போட்டா கண்ணாடில ஆவி படியும். ஒரு சொட்டு விட்டதில்ல. மேல், கால் சுத்து."

அவள் அந்த உத்தரவைத் திருப்பிச் சொல்லவில்லை. கை திருகின் மேல் இருந்தது. எண்ணெய் விடாத திருகு, துருப்பிடித்த ஸ்பிரிங். யார் திருப்பினாலும் முனகத்தான் செய்யும்.

"மேல், கால் சுத்து," என்றார் அப்பா மறுபடியும்.

"மேல், கால் சுத்து." பழக்கதோஷத்தில் கை திருப்பிவிட்டது. கிறீச். "ஆச்சு."

"நிறுத்து. போதும்." அப்பா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. "வந்துடுச்சு. இப்பத்தான் நெஞ்சு கொஞ்சம் ஆறுது. வா, வந்து பாரு."

அவள் எழுந்து போனாள். குனிந்தாள்.

வளையம் எங்கேயோ போயிருந்தது. வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நின்றன. ஓரத்தில் பாதி வளையம், அதுவும் வெட்டுப்பட்டு. சட்டையின் கைக்குப் போகவேண்டியதைக் கழுத்தில் வைத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

அவள் தலையைத் தூக்கவில்லை. அந்தக் குண்டூசித் துளையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டம்ளர் விளிம்பைத் தடவுகிற விரல். சர்க்கரைக்கு ஒரு ரப்பர் பேண்டு, உப்புக்கு இரண்டு. அவள் காதைப் பார்த்துப் பேசுகிற முகம். போன தடவை வந்திருந்தபோது தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு, நீ பாரு, நீ பாரு என்று சனிக்கிரகத்தைக் காட்டியவர், தான் ஒரு தடவைகூடக் குனியவில்லை. பார்த்தவர்கள் அடேயப்பா, வளையம் தெரியுது என்று கத்தினபோது பூரித்துப் போனார். அம்மா பின்னால் நின்று முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு நடுப் பார்வை எப்போது போயிற்றோ, ஓரப் பார்வை மட்டும்தான் மிச்சம். அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அவர் தூங்குகிற நேரம் பார்த்துத் தனியாக மேலே வந்து, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து நடந்து சரிசெய்து, மூடி போட்டு, துணி கட்டி வைத்துவிட்டு, சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல எதையும் திருப்பாமல் ஆச்சு, ஆச்சு என்று சொல்லியிருக்கிறாள்.

நேற்றும் வேலையை முடித்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறாள். முடிச்சுகூடப் போட்டிருந்தாள். அம்மாவின் கை கடைசியாகச் செய்த காரியம் அந்த வளையத்துக்குள் அப்படியே இருந்தது. அதைத்தான் பெற்ற பெண்ணே உட்கார்ந்து கால் சுற்று, அரை சுற்றாகக் கலைத்துவிட்டாள். அவளுக்கு ஓவென்று அழவேண்டும் போல இருந்தது. அழுதால் ஏன் என்று கேட்பார்.

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

"நல்லா இருக்குப்பா."

"நடுவுல உட்கார்ந்திருக்கா?"

"உட்கார்ந்திருக்கு."

அவர் தலையாட்டினார். குழாயின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு அவள் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தார். "எல்லாம் சரி. எதுக்கு வந்தா பாப்பா? அதுதான் எனக்கு ஆறல. சாகறவரைக்கும் ஆறாது போல. எனக்குத் தெரியாம அவ ஒரு காரியம் செஞ்சதில்ல."

பதில் அவள் பைக்குள் இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தால் போதும்; மெக்கானிக்குக்குத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

"தொட்டில தண்ணி பாக்க வந்திருப்பாப்பா," என்றாள். "பம்பு சரியா ஏத்த மாட்டேங்குதுன்னு போன்ல சொல்லிட்டிருந்தா."

"பம்பா? ஓடிச்சே."

"ஓடும்ப்பா. தண்ணி ஏறலியோன்னு சந்தேகம். உங்களை எழுப்ப வேணாம்னு வந்திருப்பா."

அப்பா தொட்டியின் பக்கம் நடந்தார். விளிம்பைத் தொட்டார். ஈரம் கையில் பட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டார். "சொல்லியிருந்தா நான் ஏறிப் பாத்திருப்பேன்ல," என்றார். பிறகு, "பம்புதானா," என்றார். "பம்புதான். அவ அப்படித்தான். சின்ன விஷயத்துக்கெல்லாம் என்னை எழுப்ப மாட்டா."

மறுநாள் அம்மாவைக் கொண்டுவந்தார்கள், கொண்டுபோனார்கள். வீடு நிரம்பியது, காலியானது. இதயம்தான் முதலில் நின்றிருக்கிறது, விழும்போது உயிர் இல்லை என்று டாக்டர் சொன்னதாக மாமா வந்து சொன்னார். வெயில் தாங்கவில்லையாம். அது ஆறுதலா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தார்கள். அப்பா முகத்தருகே குனிந்து, முகத்தைத் திருப்பித் திருப்பி, ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தார். நேராகப் பார்க்கக்கூட மனசு வரல பாவம் என்று பின்னால் ஒரு பெண் சொன்னாள்.

அதற்கும் அடுத்த நாள் சாப்பாட்டுக்குப் பிறகு வீடே அசந்து கிடந்தது. அப்பாவின் அறையிலிருந்து குறட்டை வந்தது. மாமா கூடத்தில் படுத்தபடியே, "இரும்புக்காரனுக்குச் சொல்லிட்டேன் பாப்பா, ஞாயித்துக்கிழமை வரானாம்," என்றார்.

"வேணாம் மாமா. வரவேணாம்னு சொல்லிடுங்க."

"ஏன்? யாரு பாத்துக்கப் போறா அதை?"

"பாத்துக்கலாம்."

"எத்தனை நாளைக்கு? நீ லீவு முடிஞ்சா கெளம்பிடுவ."

அவள் செருப்பைக்கூடப் போடாமல் படியேறினாள்.

மாடித் தரை காலைச் சுட்டது. திரும்பி இறங்கிப் போய் அம்மாவின் செருப்பைத் தேடினாள், ஒன்றுதான் இருந்தது. தன்னுடையதை மாட்டிக்கொண்டு மேலே வந்தாள். தார்ப்பாயை விலக்கி, மூடியை எடுத்து, ஃபிலிம் டப்பாவைச் செருகிக் குனிந்து பார்த்தாள். நடந்து போய் உட்கார்ந்து, துணி சுற்றின சாவியால் இடது திருகைத் தொட்டாள். கிறீச். எழுந்து வந்து பார்த்தாள். வளையம் நெருங்குவதற்குப் பதில் இன்னும் தள்ளிப் போயிருந்தது. மறுபடி போனாள். மறுபடி வந்தாள். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பினால் வளையம் எங்கே போகும் என்பது பிடிபடவே இல்லை. அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எத்தனை மத்தியானங்கள் இப்படித் தப்பும் தவறுமாகத் திருப்பி, தெருவிலிருந்து வந்து பார்த்தவர்கள் ஒன்றும் தெரியலியே என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்திருப்பாள். வேர்வை கண்ணில் இறங்கிக் கரித்தது. முட்டி விண்விண்ணென்றது.

எதிர்வீட்டில் தையல் மிஷின் சத்தம் நின்றது. டெய்லர் ஜன்னலில் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்தார். மிஷின் சத்தம் மறுபடி ஆரம்பித்தது; ஆனால் நாலு தையலுக்கு ஒருதரம் நின்று நின்று ஓடியது.

கடைசியில் வளையம் நகர்ந்து வந்தது. கறுப்புப் புள்ளி அதற்குள் ஒரு ஓரமாக ஏறி உட்கார்ந்தது. அம்மா வைத்த மாதிரி நட்டநடுவில் இல்லை. கம்பெனியில் என்றால் திருப்பி அனுப்பியிருப்பாள். இன்றைக்கு இது போதும் என்று மூடி போட்டு, துணி கட்டி, முடிச்சுப் போட்டாள். எழுந்தபோது தலை சுற்றியது. தொட்டி நிழலில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் அப்பா கூடத்துக்கு வந்தார்.

"பாப்பா, ஒரு தடவை பாத்துடலாமா? தகரம். தினம் விரியும்."

மாமா எதுவோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

மாடியில் அப்பா சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள். சாவியைத் திருகின் குழியில் செருகி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. அப்பா குனிந்து, தலையைச் சாய்த்து, துளையில் கண்ணை வைத்தார்.

"இடது, கால் சுத்து."

"இடது, கால் சுத்து," என்றாள். கையை அசைக்கவில்லை. கிறீச் சத்தம் இல்லை. மனதுக்குள் ஒரு கால் சுற்றுக்கு ஆகிற நேரத்தை விட்டாள். "ஆச்சு."

அப்பா அடுத்ததைச் சொல்லவில்லை. கண்ணைத் துளையிலிருந்து எடுத்துவிட்டு, காதைக் குழாயின் பக்கம் திருப்பியபடி நின்றார். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனை திரும்புகிறவரை அவர் அப்படியே நின்றார். அவள் சாவியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

பிறகு மறுபடி குனிந்து துளையில் கண்ணை வைத்துக்கொண்டார்.

"ம்," என்றார். "வலது, அரைக்கால்."